பலகையின் வயிறும் முதுகும்

நான் பேசக் கூச்சப்படுகிற ஆள். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். வாத்தியார் பேர் கூப்பிட்டு ‘உள்ளேன் ஐயா’ சொல்வதற்குள் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். கடைக்குப் போய் உப்பு கேட்பதற்குக்கூட, முன்னால் நிற்கிறவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று ஒதுங்கி நிற்பேன். அதனால் திண்டுக்கல்லில் மரம் அறுக்கிற மில்லில் சேர்ந்தபோது, வேலை கிடைத்ததைவிட அங்கே இருந்த சத்தம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. ரம்பம் ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாது. யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊர் குஜிலியம்பாறைக்குப் பக்கம். வானத்தைப் பார்த்து விதைக்கிற நிலம். அடுத்தடுத்து மழை இல்லாமல் போனதும் நான் பஸ் ஏறி டவுனுக்கு வந்துவிட்டேன். மில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. முதலாளி ராவுத்தர். அவர் ‘அத்தா’ என்று சொல்கிற தகப்பனார் காலத்தில் அது வெறும் மரக்கடை. இவர்தான் கரண்ட் இழுத்து ரம்பம் வைத்தார். சிறுமலையிலிருந்தும் கொடைக்கானல் அடிவாரத்திலிருந்தும் லாரியில் அறுக்காத முழு மரத் தடி வரும். எங்கள் பக்கத்து வேம்பும் புளியும் மாட்டு வண்டியில் வரும். அவற்றைப் பெரிய ரம்பத்தில் கொடுத்துப் பலகையாக இழுப்பார்கள்.

அப்படி இழுத்த பலகை உடனே எதற்கும் ஆகாது. இரண்டு ஓரத்திலும் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு முனை அகலமாகவும் மறு முனை ஒடுங்கியும் இருக்கும். சில பலகைகள் வில் மாதிரி வளைந்திருக்கும். பட்டையை நேர்கோட்டில் அறுத்துத் தள்ள வேண்டும். அதற்கு நாங்கள் ‘ஓரம் எடுக்கிறது’ என்று சொல்வோம். அதற்கென்று ஒரு சின்ன வட்ட ரம்பம் தனியாக இருந்தது. அதற்கு முன்னால், இரும்புப் பட்டைகளின் மேல் ஓடுகிற ஒரு தள்ளுமேடை. பலகையை அந்த மேடையில் வைத்து, ரம்பம் எந்த இடத்தில் பட வேண்டும் என்று பார்த்துத் திருப்பி வைத்து, தள்ள வேண்டும். கொஞ்சம் உள்ளே வைத்துவிட்டால் நல்ல மரம் விறகோடு போகும். கொஞ்சம் வெளியே வைத்துவிட்டால் பட்டை மிச்சம் நிற்கும், மறுபடி அறுக்க வேண்டும்.

பலகையைப் பார்த்து வைக்கிற அந்த வேலைதான் என்னுடையது. முதலில் கரித்தூளில் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்து அடித்து, விழுகிற கோட்டைப் பார்த்து வைத்தேன். நாளாக நாளாக நூல் தேவைப்படவில்லை. பலகை கைக்கு வந்ததும் கண்ணே கோடு போட்டுவிடும்.

ரம்பத்துக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் நிற்பார். நான் தள்ளுகிற பலகையை அவர் வாங்கி, ஆட்டம் இல்லாமல் இழுத்து, அறுந்து விழுகிற பட்டையைத் தனியாக எறிய வேண்டும். மரத்தூள் எல்லாம் அவர் பக்கம்தான் பறக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கண் மட்டும் தெரிய நிற்பார். அவர் என்னைவிட மூத்தவர், மில்லிலும் எனக்கு முன்னால் சேர்ந்தவர். சத்தத்தில் பேச முடியாது என்பதால் எங்களுக்குள் பலகையே பேச்சு. முடிச்சு வருகிறது என்றால் நான் லேசாக அழுத்துவேன், அவர் இழுப்பைத் தளர்த்துவார். அவர் பக்கம் ஏதாவது சிக்கினால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார், நான் நிறுத்துவேன். என் வாழ்க்கையில் நான் தடங்கல் இல்லாமல் பேசியது அந்த மனிதரிடம்தான். அதுவும் வாயால் அல்ல.

மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. ஓரம் எடுக்கிற ரம்பத்தில் நிற்கிறவர்கள் ஜோடி. அந்த ஜோடியை முதலாளி உடைக்கக் கூடாது. முதலாளியின் அத்தா வைத்துவிட்டுப் போன வழக்கம் அது. எப்போதோ ஒரு நாள், பழக்கம் இல்லாத ஆளைப் பின்னால் நிறுத்தியபோது அவன் முந்தி இழுத்துவிட்டான், முன்னால் நின்றவனின் கை பலகையோடு போய்விட்டது. அன்றிலிருந்து, இருவரில் ஒருவன் தானாக வந்து ‘நான் விடுறேன்’ என்று முதலாளியிடம் சொன்னால் ஒழிய ஜோடி மாறாது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு அந்த ரம்பமே ஓடாது.

என் ஜோடியாக நின்றவருக்கு ஒரு தங்கை இருந்தாள். அவர் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய், பிறகு அடிக்கடி கூட்டிக்கொண்டு போய், கடைசியில் தங்கையையே எனக்குக் கட்டிக்கொடுத்தார். பேச்சு முடிக்கும் நாளில் பெரியவர்கள் ‘மாப்பிள்ளைக்குச் சம்மதமா’ என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். “அவனுக்குச் சம்மதந்தான். நாஞ் சொல்றேன்ல” என்று அவரே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்பிள்ளை. ஒரே வளவில் அடுத்தடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

அப்படிச் சில வருஷங்கள் நன்றாகத்தான் போயின, எங்களுக்குப் பிள்ளைகளும் பிறந்தார்கள். பிறகு ஒட்டன்சத்திரத்துப் பக்கத்திலிருந்து ஒரு பிட்டர் வந்தார். லேத்துப் பட்டறை வைத்திருந்தவர், கெட்டிக்காரர். பலகையைக் கண்ணால் பார்த்து வைக்க வேண்டாம், மிசினே பிடித்து நேராக வைக்கும், அப்படி ஒன்று செய்து தருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். மில்லின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி, பழைய லாரிச் சாமான்களையும் தோல் பதனிடுகிற ஷாப்பில் கழித்துப் போட்ட சக்கரங்களையும் வைத்து ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கீழே ஒரு மிதி. மிதித்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் இரும்புக் கைகள் ஒரே அளவில் உள்ளே வந்து பலகையை அணைத்து நடுவில் நிறுத்தும். மேலிருந்து ஒரு பிடி இறங்கி அமுக்கிக்கொள்ளும். சங்கிலி இழுக்கும். ஒரே தண்டில் இரண்டு ரம்பம், இரண்டு ஓரமும் ஒரே ஓட்டத்தில் போய்விடும்.

சொல்லும்போது நன்றாக இருந்தது. ஓட்டிப் பார்த்தபோது பலகை கெட்டுப்போனது. நேரான பலகை என்றால் சரியாக வந்தது. வளைந்த பலகை வந்தால் கைகள் முனையைப் பிடித்துக்கொண்டு தப்பாக நிறுத்தின. ஒரு பக்கம் பட்டை நின்றது, மறு பக்கம் நல்ல மரம் போனது. பிட்டர் மறுபடி தார்ப்பாயை இழுத்து மூடினார். தடி உருட்டுகிறவர்கள் கேலி செய்தார்கள்.

“என்ன பிட்டரய்யா, புள்ள இன்னும் பொறக்கலையா?”

“பொறக்குமுங்க. கொஞ்சம் தல திரும்போணும், அவ்வளவுதானுங்க” என்பார் அவர். கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த நாட்களில்தான் என் மச்சான் வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அதற்கு முன்பு நாங்கள் பேசாமல் நடப்போம், அல்லது அவர் பேசுவார்.

“ஏன் மாப்ள, அந்தக் கோண வேம்ப எடுத்ததும் நடுவுல ஒரு தட்டுத் தட்டுனியே, எதுக்கு?”

“எத?”

“காலைல வந்துச்சுல்ல, வில்லு மாதிரி. தட்டிட்டு அப்பறந்தான் திருப்பி வச்ச.”

“அது... வயிறு எந்தப் பக்கம்னு பாத்தேன்.”

“பலகைக்கு ஏது மாப்ள வயிறு? சோறு திங்கிதா?”

நான் சிரித்துவிட்டேன். பிறகு சொன்னேன். கூனிக்கொண்டு நிற்கிற ஆளை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். உள்ளே குழிந்த பக்கம் வயிறு, வெளியே தள்ளிய பக்கம் முதுகு. வயிற்றுப் பக்கம் நடுவைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் பட்டை போனால் முனையில் தானாகப் போய்விடும். முதுகுப் பக்கம் முனையைப் பார்க்க வேண்டும். ஆனால் முனை பொய் சொல்லும். அங்கே பட்டை பிய்ந்திருக்கும், சில சமயம் உப்பியிருக்கும். ஒரு சாண் உள்ளே தள்ளிப் பார்த்தால்தான் நிஜம்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது நாங்கள் வளவுக்கு வந்திருந்தோம். நான் அவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதுவரை யாரும் என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. ‘நல்லாப் பண்றான்’ என்று சொல்வார்கள். எப்படி என்று கேட்டதில்லை. மறுநாள் மச்சான் வேறொன்று கேட்டார். அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. மரத்தின் அடிப்பக்கத்தை முதலில் விடுவதா, நுனிப்பக்கத்தையா? பட்டை பாதி உரிந்திருந்தால் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? வேலை செய்யும்போதே, சாயங்காலம் மச்சானிடம் என்ன சொல்லலாம் என்று நினைத்துக்கொள்வேன். சில சமயம் தெருவிலேயே நின்று, ஒரு குச்சியால் மண்ணில் பலகை வரைந்து காட்டுவேன். ஒரு நாள் என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அதிசயம்! எங்கிட்ட ஒரு வார்த்த பேசச் சொன்னா முக்குவீக. அண்ணங்கிட்ட மட்டும் தெருவுல நின்னு பிரசங்கமா?”

“வயித்தெரிச்சல்படாத தாயி” என்றார் மச்சான். “நான் கேக்குறேன், அவரு சொல்றாரு.”

அவள் சந்தோஷமாகத்தான் அதைச் சொன்னாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சாயங்காலங்களைத்தான் நான் இப்போதும் மன்னிக்க முடியாமல் இருக்கிறேன். பின்னால் நடந்ததைக்கூட ஒருவாறு புரிந்துகொள்ள முடிகிறது.

ஒரு நாள் காலையில் ரம்பத்தை நிறுத்தி அதன் பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ரம்பத் தகட்டைக் கழற்றி வைத்து மச்சான் அரம் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரிய ரம்பமும் அந்த நேரம் ஓடவில்லை. மில் முழுக்க அமைதி. முதலாளி உள்ளே வந்தார். பிட்டர் தார்ப்பாயை விலக்கி, புதிதாகச் சேர்த்திருந்த ஒரு ஜோடி இரும்புக் கைகளைக் காட்டினார். அவை பலகையின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தன. முனைக் கைகளும் முன்பு இருந்த இடத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தன.

“இப்பப் பாருங்க மொதலாளி. மின்ன நான் முனையப் புடிச்சதுதான் தப்பாப் போச்சுங்க. முனை பொய் சொல்லுமுங்க. ஒரு சாண் உள்ள தள்ளித்தான் புடிக்கோணும். அப்பறம் பாருங்க, வளஞ்ச பலகைக்கு வயிறு ஒண்ணு, முதுகு ஒண்ணு இருக்குதுங்க. வயித்துக்கு நடுவுல புடிச்சாப் போதும், மத்ததெல்லாம் தானா வந்துருமுங்க.”

முதலாளி சிரித்தார். “வயிறு, முதுகு! இதெல்லாம் ஒங்க பட்டறையில படிச்சதா?”

“இல்லீங்க. அவருதான் சொன்னாருங்க. நம்ம பட்டறைக்கு நாலஞ்சு தரம் வந்து சொல்லிக் குடுத்தாருங்க” என்று பிட்டர் கையை நீட்டினார். என் மச்சானைக் காட்டினார்.

அரத்தின் சத்தம் நின்றது.

நான் மச்சானைப் பார்க்கவில்லை. தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். ‘நான் இல்ல மொதலாளி, எல்லாம் மாப்பிள்ளை சொன்னது’ என்று சொல்வார். எனக்கு வெட்கமாக இருக்கும், தலையைக் குனிந்துகொள்வேன், முடிந்துவிடும். அதற்காகக் காத்திருந்தேன்.

“அட, பின்னால நிக்கிற ஆளுக்கு இம்புட்டு வெவரம் தெரிஞ்சிருக்கு பாரு” என்றார் முதலாளி. “மாஷா அல்லா!”

அரம் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் தகட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் மச்சான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சந்தை விலைவாசி பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நானும் எதையும் கேட்கவில்லை. சொன்ன வார்த்தைதானே, அது யாருடையதாக இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிசின் வந்தாலும் ஜோடி ஜோடிதான், முதலாளி உடைக்க மாட்டார், இரண்டு பேரையும் அங்கேயே நிறுத்துவார் என்று நம்பினேன். மிசினுக்கு முன்னால் ஒருவர் போதும் என்பதும், பின்னால் உருளைகள் பலகையை வாங்கிக்கொள்ளும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று இருந்தேன்.

மிசின் ஓட்டுகிற நாள் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி வீட்டிலிருந்து ஒருவர் வந்து பாத்தியா ஓதினார். பிறகு எங்கள் ஆட்கள் மிசினுக்குச் சந்தனம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். எல்லோருக்கும் சீனியும் தேங்காய்ச் சில்லும் கொடுத்தார்கள். நானும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அப்போது முதலாளி ஒரு புதுத் துண்டை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“எல்லாரும் கேளுங்கப்பா. ஜோடிய உடைக்க எனக்கு மனசு வரல. அது எங்கத்தா சொல்லிட்டுப் போன விசயம். இந்த மிசினுக்கு ஒரு ஆளுதான் வேணும், என்ன செய்யிறதுன்னு தெரியாம இருந்தேன். இவனாவே விட்டுக் குடுத்துட்டான். தடிப் பக்கம் போறேன், மச்சான் மிசினப் பாத்துக்கிரட்டும்னு மச்சாங்கிட்டயே சொல்லி விட்டுருக்கான். இந்தக் காலத்துல எவனுக்கு வரும் இந்த மனசு?”

துண்டை என் தோளில் போர்த்தினார். ஆட்கள் கை தட்டினார்கள். “ஊமைச்சாமி வாயத் தொறந்துட்டாருய்யா!” என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

முதலாளி என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். “ஒங்கிட்டயே ஒரு வார்த்த கேக்கணும்னுதான் இருந்தேன் அப்பு. ஒங்க மச்சாந்தான் வேணாம்னாரு. கேட்டா அவன் கூச்சப்படுவான், கஷ்டப்படுவான், எங்க வச்சாலும் இருந்துக்கிருவான்னு சொன்னாரு. அதான் கேக்கல.”

அந்த மனிதர் என் மேல் இரக்கப்பட்டுத்தான் கேட்காமல் விட்டிருக்கிறார். அவர் முகத்தில் அது தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான் மிதியை மிதித்தார். இரும்புக் கைகள் உள்ளே வந்து ஒரு வளைந்த வேங்கைப் பலகையை அணைத்து நிறுத்தின. பலகை ரம்பத்துக்குள் போய், இரண்டு பக்கமும் நேராக வெளியே வந்தது. எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான் வைத்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன். நல்ல மிசின் அது. கையை ரம்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். அதைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்று மத்தியானமே என்னைத் தடி உருட்டும் இடத்துக்கு அனுப்பினார்கள். கடப்பாரையைக் கையில் கொடுத்தார்கள்.

சாயங்காலம் என் மனைவி துண்டைப் பார்த்தாள்.

“ஏது இது?”

“மொதலாளி போத்துனாரு.”

“எதுக்கு?”

சொன்னேன். விட்டு விட்டுத்தான் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து எழுந்துவிட்டாள்.

“நீங்க விட்டுக் குடுத்தீகளா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு இத வாங்கிட்டு வந்தீக?”

அவள் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனாள். மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எங்கள் வாசலிலேயே நின்றேன். அங்கிருந்தே எல்லாம் கேட்டது.

“அண்ணே, இவரு விடுறேன்னு ஒங்கிட்ட எப்பச் சொன்னாரு?”

“என்ன தாயி, வந்ததும் வராததுமா?”

“எப்பச் சொன்னாரு? அதச் சொல்லு.”

“அவரு சொல்லணுமாக்கும். அவரு என்னைக்கு வாயத் தொறந்து சொல்லி எது நடந்துருக்கு? ஒன்னயக் கட்டுறப்போ சம்மதம்னு அவரா சொன்னாரு? நாந்தான் சொன்னேன். ஏன், நல்லா இல்லையா நீங்க?”

“அது வேற.”

“எது வேற? நான் ரம்பத்துக்குப் பின்னால நின்னு தூசி தின்னேனே, அதப்பத்தி ஒரு நாள் கேட்டியா? ராத்திரி பூராம் இருமுறேனே, சொவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கலையா? வந்தவன் போனவன் எல்லாம் ஒம் புருசன் கண்ணத்தான் மெச்சுனான். எங்கையப் பாத்து எவனாச்சும் ஒரு வார்த்த சொன்னானா?”

அவள் துண்டை அவருடைய வாசற்படியில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. தூசி முழுக்க அவருக்குத்தான். இருமல் எங்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் இடம் மாறி நின்றிருப்பேன். முன்னால் நின்று பலகையைப் பார்த்து வைக்கச் சொல்லிக் கொடுத்திருப்பேன். மிசினையும் நீங்களே பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். கேட்டால் கொடுப்பேன் என்பது அவருக்குத் தெரியும். என்னை அவரைப்போல் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்தும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். எடுத்ததை நானே கொடுத்ததாகவும் சொல்லிவிட்டார்.

மறுநாள் நான் முதலாளி அறைக்குப் போனேன். போகும் வழி முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போனேன். வாசலில் நின்றேன். உள்ளே இருந்தவர்கள் போகும்வரை நின்றேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன அப்பு?”

“நான் விடுறேன்னு சொல்லல மொதலாளி.”

அவ்வளவுதான் வந்தது. முதலாளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னை அங்கே பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்கினார்.

“இவன் சொல்லலங்குறானே?”

“சொன்னாரு மொதலாளி. வீட்டுல வச்சுச் சொன்னாரு. இப்ப யாரோ ஏத்தி விட்டுருக்காக. வேணும்னா எந்தங்கச்சியவே கூப்பிட்டுக் கேளுங்க.”

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். தன் தங்கை மில்லுக்கு வந்து, ஆட்கள் முன்னால் அண்ணனைப் பொய்யன் என்று சொல்ல மாட்டாள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“வீட்டுப் பொம்பளைய இழுக்காதீக. ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க. நாளைக்குப் பேசிக்கிருவோம்.”

தங்கையைக் கேளுங்கள் என்று மச்சான் சொன்னதை நான் வீட்டில் சொல்லியிருக்கவே மாட்டேன். அவள் கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டாள். மறுநாள் காலையில், நான் கிளம்பும்போது அவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே கிளம்பினாள். வேண்டாம் என்றேன். “நீங்க சும்மா வாங்க. ஒங்களப் பேசச் சொல்லல” என்றாள்.

மில் கேட்டுக்கு உள்ளே வந்து, தடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். முதலாளி வெளியே வந்தார். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மிசின் நின்றது. மச்சான் மிசின் பக்கத்திலேயே நின்றார்.

“அய்யா, என்னயக் கேக்கணும்னு எங்கண்ணன் சொன்னாராம். அதான் நானே வந்துட்டேன்” என்றாள். “எங்க வீட்டுல அவரு ஒரு நாளும் விடுறேன்னு சொல்லல. முந்தாநாளு எங்கண்ணனே எங்கிட்ட, அவரு சொல்லணுமாக்கும்னுதான் கேட்டாரு. இது எம்புள்ளைக மேல சத்தியம்.”

அவள் குரல் நடுங்கவில்லை. முடித்த பிறகுதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். யாரும் கேலி பேசவில்லை.

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் கீழே கிடந்த ஒரு பட்டைத் துண்டைக் காலால் தள்ளினார். அதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“சரிம்மா. நீ சொல்றதுதான் நெசம். நான் ஏமாந்துட்டேன்” என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். “அப்பு, என்னய என்ன செய்யச் சொல்ற? மிசின் ஓடுது. இவரு கைக்குப் பழகிருச்சு. கொடைரோட்டுக்குப் பழப்பெட்டிப் பலகை அனுப்ப வேண்டியது மலையாட்டம் கெடக்கு. நிறுத்திட்டு ஒன்னய நிப்பாட்டுனா, பழகுறதுக்குள்ள சீசன் போயிரும். கொஞ்ச நாள் தடிப் பக்கம் இரு. அடுத்து ஒரு மிசின் போடுறப்போ இன்ஷா அல்லா ஒனக்குத்தான்.”

அவர் நல்லவர். மனசறிந்து பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அடுத்த மிசின் வராது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். நான் சொன்னது நிஜம் என்று மில் முழுக்கத் தெரிந்துபோனது. அதனால் மாறியது ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில் மிசின் மறுபடி ஓடியது. நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டேன். என் மனைவி தனியாக நடந்து வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் ரயில் கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். மச்சான் வந்து பக்கத்தில் நின்றார். வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

“எந்தங்கச்சிய இப்படி ஆம்பளைக நடுவுல கொண்டாந்து நிறுத்திட்டியே மாப்ள” என்றார்.

நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீ போயி மொதலாளிகிட்டப் பேசுவேன்னு நான் நெனைக்கவே இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே விட்டுருப்பேன். எங்கிட்டக் கேக்கணும்னு ஒனக்குத் தோணலையா?”

அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. நான்தான் அவருக்கு ஏதோ செய்துவிட்டதுபோல இருந்தது. சொல்லிக்கொண்டே என் தோளில் கையை வைத்தார். நான் தட்டிவிடவில்லை. வண்டி போய் முடிகிற வரைக்கும் அந்தக் கை தோளிலேயே இருந்தது. கேட் திறந்ததும் அவரே எடுத்துக்கொண்டு, முன்னால் நடந்து போனார். நான் அவர் தெருத் திரும்புகிற வரை நின்றுவிட்டு, அதற்குப் பிறகு நடந்தேன்.

அந்த வாரம் முடிந்ததும் முதலாளியிடம் போனேன். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. “நான் விடுறேன் மொதலாளி” என்றேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

திங்கட்கிழமை பாசஞ்சரில் கொடைரோட்டுக்குப் போனேன். ஸ்டேஷனை ஒட்டி, மலைப் பழங்களுக்குப் பெட்டி அடிக்கிற ஒரு கொட்டகை இருந்தது. ஆள் வேண்டும் என்றார்கள். அறுத்து வந்த பலகைகளை அளவு பார்த்து நறுக்கி ஆணி அடிக்கிற வேலை. லாரியிலிருந்து இறங்கிய கட்டுகளைப் பார்த்ததும் அவை எங்கிருந்து வந்தவை என்று தெரிந்துவிட்டது. இரண்டு ஓரமும் அவ்வளவு நேராக அந்தப் பக்கம் வேறு எங்கும் அறுக்கவில்லை. ஒரு பலகையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பிழை சொல்ல ஒன்றும் இல்லை. கொட்டகை மேஸ்திரி சுத்தியலை நீட்டினார். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.